மாமியார் வீடு என்ற குட்டை

கோழிக்குடலைப் பால் டின்னில் அடைத்து ஒரு நாள் முழுக்க வெயிலில் வைத்தால் என்ன நாற்றம் வரும் என்பது எங்கள் தோட்டத்து லய வீடுகளின் பிள்ளைகள் எல்லாருக்கும் தெரியும். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பூசை முடிந்து வந்து, வெள்ளைச் சட்டையைக் கழற்றி மாட்டிய கையோடு அப்பா அந்த டின்னை மோட்டார் சைக்கிளில் தொங்கவிடும்போது, அந்த நாற்றம் வீட்டுக்குள் நுழைந்து எங்கள் முகத்துப் பவுடர் வாசனையைத் துரத்திவிட்டுப் போகும். கெளுத்திக்குக் குடல், விராலுக்குச் சின்னத் தவளை. அப்பா கிளம்பும்போது யாரும் எங்கே என்று கேட்கக் கூடாது. "கேட்டா மீன் வாயத் தொறக்காது" என்று அம்மா எங்கள் வாயை மூடுவார்.

மலேசியாவில் அசாம் ஜாவா என்ற ஊரை அடுத்த, எண்ணெய் எடுக்கும் செம்பனைத் தோட்டம் ஒன்றில் அப்பா குலை வெட்டிக்கொண்டிருந்தார். அங்கிருந்து மோட்டார் சைக்கிளில் அரை மணி நேரம் போனால், வெள்ளீயம் தோண்டியவர்கள் விட்டுப்போன குட்டைகள் ஒன்றன் பின் ஒன்றாகக் கிடக்கும். நல்ல குட்டை எதுவென்று வெளியே தெரிந்துவிட்டால் அடுத்த வாரமே யாராவது வலையோடு வந்து குஞ்சுகூட விடாமல் அள்ளிக்கொண்டு போய்விடுவார்கள் என்பதால், அப்பா தன் இடங்களுக்குத் தானே பெயர் வைத்திருந்தார். "தகரக் குட்டை", "ஒத்தை மரம்", போனால் வெறுங்கையோடு திரும்பவே விடாத "மாமியார் வீடு". கிளம்பும்போது பெயரை மட்டும் சொல்வார், பெயர்கள் எங்களுக்கு மனப்பாடம். வழி ஒருவருக்கும் தெரியாது.

எனக்குப் பத்து வயதிருக்கும்போது, முதல் நாள் நல்ல மழை பெய்திருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, மதியச் சாப்பாட்டுக்குத் தவறாமல் வந்துவிடும் அப்பா வரவில்லை. மூன்று மணிவரை அம்மா ரசத்தை மறுபடி மறுபடி சூடாக்கிக்கொண்டிருந்தார். நான்கு மணிக்கு அடுப்பை அணைத்துவிட்டு, தலைமுடியைக்கூட அள்ளி முடியாமல், வேலையாட்களை மேய்க்கும் மண்டோர் வீட்டுக்கு நடந்தார். பின்னாலேயே நானும் ஓடினேன். ஆண்கள் கூடினார்கள். எங்கே போனார் என்று மண்டோர் கேட்டதற்கு, "மாமியார் வீட்டுக்குன்னு சொன்னாருங்க" என்றார் அம்மா. ஓரிருவர் சிரித்துவிட்டார்கள். அது ஒரு குட்டையின் பெயர் என்றும், அந்தக் குட்டை எந்தப் பக்கம் என்று தனக்கே தெரியாது என்றும் அம்மா சொன்னபோது சிரிப்பு நின்றது. அத்தனை குட்டைகளில் எதில் போய்த் தேடுவது?

தண்ணீர்க் குழாய் ஓரமாக நின்றிருந்த சவரிமுத்து மாமா அப்போதுதான் முன்னால் வந்தார். எங்களுக்கு நாலு வீடு தள்ளி இருந்தவர். தன் இடத்தில் எவனோ திருட்டுத்தனமாகத் தூண்டில் போடுகிறான் என்று அப்பா சில மாதங்களாகப் புகைந்துகொண்டிருந்தார். சந்தேகம் இவர்மேல்தான், அதனால் இருவருக்கும் பேச்சில்லை.

"எடம் எனக்குத் தெரியும்க்கா," என்றார்.

எப்படித் தெரியும் என்று மண்டோர் கேட்டார். மாமா அம்மாவைப் பார்க்கவில்லை, தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "ஆறு மாசமா அவரு பின்னாலதான் போறேன். அவரு அங்கருந்து கெளம்புனதும் அதே எடத்துல ஒக்காந்துக்குவேன். இன்னைக்கிதான் போகல."

அத்தனை பேர் முன்னால் அதைச் சொல்ல அவருக்கு எவ்வளவு கஷ்டமாக இருந்திருக்கும் என்று இப்போது நினைத்துப் பார்க்கிறேன். அம்மா "சீக்கிரம் போங்க தம்பி" என்றார், அவ்வளவுதான்.

ஈயக்குட்டைக் கரை பார்ப்பதற்கு வெள்ளை மணலாகக் கெட்டியாகத்தான் இருக்கும். அதன் அடியில் கஞ்சி போன்ற சேறு. தோட்டத்துக் கால்வாயில் இறங்கிப் பழகிய கால்களுக்கு அது தெரியாது. எதிலோ சிக்கிய தூண்டிலை எடுக்க நாலு எட்டு வைத்த அப்பா நெஞ்சுவரை புதைந்து, ஒரு புதரின் வேரைப் பிடித்தபடி மணிக்கணக்காக நின்றிருக்கிறார். செம்பனை மட்டைகளை வெட்டிச் சேற்றின்மேல் பரப்பி, அவற்றின்மேல் வயிற்றால் ஊர்ந்து போனவர் சவரிமுத்து மாமாதான். அவர் முகத்தைக் கண்டதும் அப்பா சொன்ன முதல் வார்த்தையைத் தோட்டமே பிறகு பல வருடம் சொல்லிச் சிரித்தது.

"அப்ப நீதானாடா அது?"

"நாந்தாண்ணே. கையக் குடுங்க மொதல்ல."

அதன் பிறகும் அப்பா வழியைச் சொல்லிவிட்டுப் போனதில்லை. ஆனால் ஞாயிற்றுக்கிழமைகளில் சவரிமுத்து மாமா வீட்டு வாசலில் வண்டியைக் கொஞ்சம் நிறுத்தி, ஆக்சிலேட்டரைத் தேவையில்லாமல் இரண்டு முறை முறுக்கிவிட்டுத்தான் கிளம்புவார்.

இரண்டு பேரும் இப்போது இல்லை. லயமும் இல்லை. குட்டைகள் சிலவற்றை மூடி வீடு கட்டிவிட்டார்கள்; மீதிக்கு வேலி போட்டிருக்கிறார்கள், வேலியில் ஓட்டையும் போட்டிருக்கிறார்கள். கோலசிலாங்கூரில் இப்போது நாங்கள் குடியிருக்கும் வீட்டு வரிசையில் அடுத்த வீட்டுக்காரர் எத்தனை மணிக்கு வெளியே போகிறார் என்றுகூட யாருக்கும் தெரியாது.

போன மாதம் ஒரு சனிக்கிழமை என் மகன் ஜோசுவா தூண்டிலோடு போனான். இருபத்திரண்டு வயது. பன்னிரண்டு மணிக்குமேல் கைப்பேசியில் அவன் கிடைக்கவில்லை. மூன்று மணிக்கு நான் காரை எடுத்துக்கொண்டு, வேலி ஓட்டை கண்ட இடத்தில் எல்லாம் இறங்கி, வெள்ளை மணலின் விளிம்பில் நின்று அவன் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டேன். கேட்பதற்கு ஒரு மனிதர் இல்லை. ஆறு மணிக்கு இரண்டு திலாப்பியாவோடு வீட்டுக்கு வந்து, "பேட்டரி செத்துப்போச்சும்மா, ரிலேக்ஸ் லா" என்றான்.

கெஞ்சிக் கேட்டதில், யாரிடமும் சொல்லக் கூடாது என்ற நிபந்தனையோடு இடத்தைக் கைப்பேசியில் அனுப்பினான். நான் அதைக் கடைத்தெருவில் உணவகம் வைத்திருக்கும் பாய் மகன் அசாருக்கு அனுப்பிவிட்டேன். மீன் விஷயத்தில் இவனுக்கு ஜென்மப் பகை அவன்தான்; இடம் தெரிந்தால் விடாமல் பின்னால் போவான்.

போன சனிக்கிழமை ஜோசுவா போய்விட்டு வெறுங்கையோடு வந்தான். அசார் இரண்டு நண்பர்களோடு வந்து அங்கே பாய் விரித்து உட்கார்ந்திருந்தானாம். மூன்று நாளாக என்னோடு பேசவில்லை. தட்டைக்கூடச் சத்தமாக வைக்கிறான். வைக்கட்டும். வீட்டில் இருக்கிறான்.