மாங்கேணிக்காரியை அறிமுகம் செய்த நாள்

ஆறாம் வகுப்புக்கு நாங்கள் ஐந்தாறு ஊர்களிலிருந்து வந்து சேர்ந்திருந்தோம். செட்டிபாளையத்துப் பிள்ளைகளான நாங்கள் ஒரு மூலை, மற்ற ஊர்க்காரர் வேறு மூலைகள் என்று முதல் வாரம் முழுக்கத் தனித்தனியாக இருந்தே சாப்பிட்டோம். அதைப் பார்த்துப் பொறுக்காத எங்கள் வகுப்பு ரீச்சர், திங்கட்கிழமை மேசைகளையெல்லாம் சுவரோரம் தள்ளச் சொன்னார். பழைய கலண்டர் படங்களை இரண்டிரண்டாக வெட்டி வைத்திருந்தார். ஆளுக்கொரு துண்டு. மற்றப் பாதி யாரிடம் இருக்கிறது என்று தேடிப்பிடித்து, அவரோடு பத்து நிமிடம் கதைத்து, பிறகு அவரை வகுப்புக்கு அறிமுகம் செய்ய வேண்டும்.

எனக்கு மயிலின் தோகை வந்தது. மயிலின் தலையுள்ள பாதியை வைத்திருந்தவள் யன்னலோரத்தைவிட்டு அசையவேயில்லை. பெயர் துஷாந்தி என்பதைக்கூட அவளுடைய கொப்பி உறையில்தான் வாசித்தேன். ஊரைக் கேட்டேன். "மாங்கேணி" என்றாள். அதற்குப் பிறகு நான் கேட்ட எல்லாக் கேள்விகளுக்கும் சட்டைப் பொத்தானைத் திருகியதுதான் பதில்.

சுற்றிவர எல்லோரும் சிரித்துக் கதைத்துக்கொண்டிருந்தார்கள். ஒரேயொரு ஊர்ப் பெயரோடு வகுப்பின் முன்னால் எப்படிப் போய் நிற்பது? என் முறை வந்ததும் வாய் தானாகத் திறந்துகொண்டது.

"இவ துஷாந்தி. மாங்கேணியில இருந்து வந்தவ. இவட ஊட்டுக் கிணத்தடியில ஒரு முதலைக்குட்டி வளக்காங்க. ராசாத்தி எண்டு கூப்பிட்டா ஓடி வரும். கூனி இறால் போட்டுக் குழைச்ச சோறுதான் தின்னும்."

வகுப்பு வாயைப் பிளந்தது. ரீச்சர் அடுத்த ஆளைக் கூப்பிட்டார். துஷாந்தி தன் முறைக்கு எழும்பி, என் பெயரை மட்டும் சொல்லிவிட்டு இருந்தாள்.

அன்றைய இடைவேளையிலேயே அவளைச் சுற்றிக் கூட்டம் கூடிவிட்டது. கடிக்குமா, எவ்வளவு நீளம், இரவில் எங்கே படுக்கும்? முதல் நாள் அவள் தலையை மட்டும் ஆட்டி மறுத்தாள். அடுத்த நாள், "முதலை இல்லகா, ஆடுதான் இரிக்கு" என்றாள். ஆட்டைப் பற்றியும் கேட்டார்கள். அதற்கும் அவள் பதில் சொல்ல வேண்டியதாயிற்று. வியாழக்கிழமை ஐந்து பேர் அவளை நம்பாமல் பள்ளி விட்டதும் அவளுடைய வீட்டுக்கே போய்க் கிணற்றடியை எட்டிப் பார்த்தார்களாம்.

வெள்ளிக்கிழமை அவள் நேரே என் மேசைக்கு வந்தாள்.

"எல்லாம் உன்னாலதான்! பொய்க்காரி! ஒரு நாள் ஆறுதலாச் சாப்பிட விட்டாங்களா? இரி, அம்மாட்டச் சொல்லுறன். திங்கக்கிழம வந்து உனக்குக் குடுப்பா."

அந்தச் சனியும் ஞாயிறும் எனக்குச் சோறு இறங்கவில்லை. திங்கள் காலையில் காய்ச்சல் என்று போர்த்துக்கொண்டு படுத்தேன். அம்மா நெற்றியைத் தொட்டுப் பார்த்தா. "காய்ச்சலுமில்ல, ஒண்டுமில்ல. ஒழும்பு" என்று போர்வையை இழுத்தெடுத்தா.

இரண்டாம் பாடம் முடியும்போது வாசலில் ஒரு பெண் வந்து நின்றார். ரீச்சர் என்னை வெளியே கூப்பிட்டார். போனேன்.

"நீதானா மகள் அந்த முதலைக் கதை சொன்னது?" என்று கேட்டார் துஷாந்தியின் அம்மா.

ஓம் என்று தலையாட்டிவிட்டு, அடி விழப்போகிறது என்று கண்ணை மூடிக்கொண்டேன். கையில் ஏதோ பாரமாக வந்தது. கண்ணைத் திறந்து பார்த்தால் ஒரு பார்சல் தொதல், அந்தக் கறுத்த இனிப்பு இன்னும் இளஞ்சூடாக இருந்தது.

"ஊர் மாறி இஞ்ச வந்து மூணு மாசம்" என்றார் ரீச்சரிடம். "இவள் ஊட்டுக்குள்ளயும் வாயத் திறக்கயில்ல, ரீச்சர். வெள்ளிக்கிழம வந்து சோத்தையும் மறந்து ஒரு மணித்தியாலம் இந்தப் புள்ளய ஏசினாள்." சொல்லிச் சிரித்துக்கொண்டே சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்தார்.

ரீச்சரும் சிரித்தார். அவருடைய கண்களும் கலங்கியிருந்தன. நான் இருவரையும் மாறி மாறிப் பார்த்தேன். தன் மகள் என்னை ஒரு மணித்தியாலம் ஏசியதைச் சொல்லிச் சந்தோஷப்பட ஓர் அம்மா இவ்வளவு தூரம் வருவாரா, வந்தாலும் ஏச்சு வாங்கியவளுக்கு ஏன் தொதல் கொடுக்கிறார் என்று எனக்கு விளங்கவேயில்லை. மாங்கேணிக்காரர் ஒரு மாதிரியான ஆட்கள்தான் என்று முடிவு செய்துகொண்டு வகுப்புக்குள் போனேன்.