சீட்டு சாரின் வியாழக்கிழமை

அந்தப் பள்ளியில் சீட்டு சாரைத் தெரியாதவர் கிடையாது. அவர் சீட்டாடுகிறவர் அல்ல, சீட்டுப் பிடிக்கிறவரும் அல்ல. காலையில் மணி அடிப்பதற்குமுன் ஆசிரியர் அறையில் மேசை மேசையாகப் போய், உள்ளங்கை அகலத்துக்கு ஒரு துண்டுக் காகிதத்தை வைத்துவிட்டு நகர்கிறாரே, அவர்தான். அந்தத் துண்டில் ஒரு வகுப்பும் ஒரு பீரியடும் எழுதியிருக்கும். யாரோ இன்று லீவு, உன் ஓய்வு பீரியட் போச்சு, அங்கே போய் உட்கார் என்று அதற்கு அர்த்தம்.

அது தனியார் பள்ளி. ஆண் பிள்ளைகளும் பெண் பிள்ளைகளும் சேர்ந்து படிப்பது. விடுதி கிடையாது; காலையில் வேனிலும் ஸ்கூட்டரிலும் வந்து இறங்குகிற கூட்டம் மாலையில் அதே வழியில் கலைந்துவிடும். பெற்றோர் கட்டுகிற கட்டணத்தில்தான் எல்லாம் ஓட வேண்டும் என்பதால், கூடுதலாக ஒரே ஒரு ஆசிரியரை வைத்துக்கொள்ளக்கூட நிர்வாகத்துக்கு எந்தக் காலத்திலும் மனசு வந்ததில்லை. ஒருவர் வரவில்லையென்றால் இருக்கிறவர்கள்தான் இழுத்துப் பிடிக்க வேண்டும். முன்பொரு தடவை ஆள் இல்லாத வகுப்பில் பிள்ளைகள் மேசைமேல் ஏறிக் குதித்து ஒருவனுக்குக் கை முறிந்துபோனது. அன்றிலிருந்து பிரின்சிபல் அம்மாவுக்கு ஒரே பேச்சுதான்: எந்த வகுப்பிலும் ஆள் இல்லாமல் இருக்கக் கூடாது.

சீட்டு சார் இந்த வேலைக்காக வந்தவர் அல்ல. பூகோளம் நடத்த வந்தார், நன்றாகவும் நடத்தினார். காற்று எப்படித் திரும்புகிறது என்று காட்ட வகுப்புக்குள் மின்விசிறியை நிறுத்திப் போட்டு, பஞ்சைப் பறக்கவிட்டு, பக்கத்து வகுப்பு ஆசிரியையிடம் திட்டு வாங்கியவர். அப்போது இந்தச் சீட்டு வேலையைப் பார்த்துவந்தவர் திடீரென்று வேறு பள்ளிக்குப் போய்விட, "ஒரு வாரம் பாத்துக்கங்க சார்" என்றார் பிரின்சிபல் அம்மா. அந்த ஒரு வாரம் இன்னும் முடியவில்லை. இடையில் அவருக்குத் தலை நரைத்தது, மகள் படித்து வேலைக்கு வெளியூர் போனாள், பூகோள வகுப்புகள் ஒவ்வொன்றாக இளையவர்கள் கைக்குப் போயின. சீட்டு மட்டும் அவரை விடவில்லை.

விடியும்போதே அவருடைய கைபேசி அலற ஆரம்பித்துவிடும். "சார், ராத்திரியெல்லாம் வாந்தி சார்." "சார், குழந்தைக்குக் காய்ச்சல், வீட்டுல வேற யாரும் இல்ல." கெமிஸ்ட்ரி ஆசிரியருக்கு வயிற்றுவலி வந்தால், ஊரில் வேறொரு பள்ளியில் நேர்முகத் தேர்வு நடக்கிறது என்று அர்த்தம். அதற்கும் அவர், "உடம்பைப் பாத்துக்கப்பா" என்றுதான் சொல்வார். பல் துலக்கிக்கொண்டே மனசுக்குள் கட்டங்களை நிரப்பத் தொடங்கிவிடுவார். யாருக்கு எந்தப் பீரியட் ஓய்வு, யார் நேற்றே இரண்டு சீட்டு வாங்கியவர், யாரிடம் கொடுத்தால் பிரின்சிபல் அறைக்குப் போய் அழுவார் என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி.

அவரிடம் ஒரு முறை உண்டு. யாரிடமும் "முடியுமா?" என்று கேட்க மாட்டார். கேட்டால் காரணம் சொல்ல நேரம் கொடுத்த மாதிரி ஆகிவிடும். சீட்டை வைத்துவிட்டு நிமிர்ந்தே பார்க்காமல் போய்விடுவார். வசமாக மாட்டுகிறவர் விளையாட்டு மாஸ்டர்தான். "சார், ஒரு நாளாவது என்னை மைதானத்துல நிக்க விடுங்க. வெயில் பட்டு எவ்வளவு நாளாச்சு, வெளுத்துப் போயிட்டேன்" என்பார் அவர். சீட்டு சார் சிரிக்கவும் மாட்டார், சீட்டைத் திருப்பி எடுக்கவும் மாட்டார்.

அவருடைய கணக்கு எளிமையானது. பதிலுக்குப் போகிறவர் பாடம் நடத்த வேண்டாம். கதை சொல்ல வேண்டாம். நாற்காலியில் ஒரு ஆள் இருந்தால் போதும், பிள்ளைகள் அடங்கியிருப்பார்கள், மணி அடித்துவிடும். இத்தனை வருஷம் இப்படியே யோசித்து யோசித்து, வீட்டு விஷயங்களையும் அவர் இதே கணக்கில் தீர்த்துக்கொண்டிருந்தார் என்பது அவருக்கே தெரியாது. மகளின் பட்டமளிப்பு விழாவுக்குத் தம்பியை அனுப்பினார். அப்பா ஆஸ்பத்திரியில் கிடந்தபோது அக்கா மகனை உட்காரவைத்தார். மனைவியின் தம்பி வீடு கட்டிக் குடிபோன அன்று மகளை அனுப்பினார். எங்கேயும் ஆள் இல்லாமல் போனதில்லை. மனைவி மட்டும் ஒரு தடவை சொன்னாள்: "நம்ம கல்யாணத்துக்கு மட்டும் நீங்களே வந்தீங்க பாருங்க, அதான் எனக்கு இன்னிக்கும் அதிசயமா இருக்கு."

அவர் அதைக் கிண்டல் என்றே எடுத்துக்கொண்டார்.

மனைவிக்குக் கழுத்தில் ஒரு கட்டி. முதலில் சுளுக்கு என்றார்கள், பிறகு சுரப்பி என்றார்கள், பிறகு ஊசி குத்திச் சதையெடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினார்கள். வியாழக்கிழமை முடிவு. நேரில் வந்து கேட்டுக்கொள்ளுங்கள் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அவள் அதிகம் பேசுகிறவள் அல்ல. முந்தைய நாள் சாப்பிட உட்கார்ந்தபோது மட்டும் கேட்டாள்.

"நாளைக்கு நீங்க வருவீங்கல்ல?"

"வராம? பிரின்சிபல்கிட்ட சொல்லிட்டேன். காலையில சீட்டை மட்டும் குடுத்துட்டு வந்துடறேன்."

"சத்தியமா?"

"என்ன நீ, சின்னப்பிள்ளை மாதிரி? வரேன்னா வரேன்."

சொல்லும்போது அவர் உண்மையாகத்தான் சொன்னார்.

வியாழக்கிழமை விடிந்ததிலிருந்து கைபேசி ஓயவில்லை. மழலை வகுப்பு ஆசிரியைகள் இருவருக்குக் காய்ச்சல். கணக்கு மேடத்தின் மாமியார் வழுக்கி விழுந்துவிட்டார். கெமிஸ்ட்ரிக்கு வழக்கமான வயிற்றுவலி. போதாக்குறைக்கு, அடுத்த வருஷச் சேர்க்கைக்காகப் பெற்றோர்கள் பள்ளியைச் சுற்றிப்பார்க்க வருகிற நாள். வகுப்பு வகுப்பாக எட்டிப்பார்ப்பார்கள். காலியான நாற்காலி ஒன்று கண்ணில் பட்டால் பக்கத்துப் பள்ளிக்குப் போய்விடுவார்கள். மனைவி குளித்து, புடவை மாற்றி, ஆஸ்பத்திரிக் காகிதங்களைப் பைக்குள் வைத்துக்கொண்டிருந்தாள். "இதோ வந்துடறேன்" என்று சொல்லிவிட்டு அவர் கிளம்பினார்.

ஆசிரியர் அறையில் நின்றபடியே எழுதித் தள்ளினார். நூலக அம்மாவுக்கு ஒன்று, ஓவிய ஆசிரியைக்கு இரண்டு. ஓவிய ஆசிரியை சீட்டுகளைப் பார்த்துவிட்டுத் தலைவலி மாத்திரையைத் தேடினார். எல்லாம் முடிந்தது. ஆறாம் வகுப்பின் மூன்றாவது பீரியட் மட்டும் பாக்கி.

பிரின்சிபல் அம்மா வாசலில் வந்து நின்றார். "இன்னுமா இங்க இருக்கீங்க? கிளம்புங்க சார். நான் பாத்துக்கறேன்."

விளையாட்டு மாஸ்டரும் அன்றைக்கென்று பெரிய மனசு பண்ணினார். "ஆறாம் கிளாஸ்தானே? நான் போறேன் சார். அக்காவைக் கூட்டிக்கிட்டு ஆஸ்பத்திரிக்குப் போங்க முதல்ல."

"நீங்க போனா மைதானத்துல யாரு? அந்தப் பீரியட் எட்டாம் கிளாஸுக்கு விளையாட்டாச்சே."

"அதுக்கு ஏதாவது பண்ணிக்கலாம் சார்."

ஏதாவது என்றால் என்ன? அந்த மனுஷர் யாரைப் பிடிப்பார்? பெற்றோர்கள் மைதானப் பக்கம் வந்தால்? இப்படியெல்லாம் அவர் கேட்டுக்கொண்டு நின்றார். உள்ளதைச் சொன்னால், பள்ளி அன்றைக்கு அவர் இல்லாமலே ஓடியிருக்கும். அவர் பயந்துபோயிருந்தார். டாக்டர் வாயைத் திறக்கிற அந்த நிமிஷத்தில் அந்த அறையில் இருக்க அவருக்குத் தைரியம் இல்லை. ஆறாம் வகுப்பில் உட்காருவது சுலபம், பழகிய வேலை. இதை அவர் தனக்குத்தானே சொல்லிக்கொள்ளவில்லை. கடமை என்று ஒரு நல்ல வார்த்தை இருக்கிறதே, அதைப் பிடித்துக்கொண்டார்.

கைபேசியை எடுத்து மச்சினியைக் கூப்பிட்டார். மனைவியின் தங்கை, இரண்டு தெரு தள்ளி இருப்பவள், வீட்டிலேயே தையல் வேலை செய்கிறவள்.

"ஏம்மா, இப்ப ஃப்ரீயா இருக்கியா?"

"என்ன மாமா, சொல்லுங்க."

"அக்காவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போகணும். இங்க ஏகப்பட்ட பேர் லீவு, என்னால நகர முடியல."

மறுமுனையில் தையல் இயந்திரத்தின் சத்தம் நின்றது. "இன்னிக்கு ரிசல்ட் இல்ல, மாமா?"

"ஆமா. சும்மா கூட இருந்தா போதும். டாக்டர் சொல்றதைக் கேட்டுக்கிட்டு வந்துடு."

"சரி மாமா" என்றாள் அவள். அவருக்குப் பெரிய பாரம் இறங்கிய மாதிரி இருந்தது. மனைவிக்குத் தனியாகச் சொல்லவில்லை. தங்கை போய் நின்றால் தெரிந்துகொள்வாள் என்று விட்டுவிட்டார்.

ஆறாம் வகுப்பில் பிள்ளைகள் அவரைப் பார்த்ததும் உச்சுக் கொட்டினார்கள். "சார், எங்க மிஸ் நாளைக்கு வந்துடுவாங்களா?" என்று முதல் வரிசைப் பெண் கேட்டாள்.

"வருவாங்க. ஏன், நான் வந்தா ஆகாதா?"

"நீங்க சும்மா உக்காந்திருப்பீங்க சார்" என்றாள் அவள். வருத்தமாகக்கூடச் சொல்லவில்லை, உள்ளதைச் சொன்னாள். அவர் சிரித்துவிட்டு, நோட்டை எடுத்து ஏதாவது எழுதச் சொன்னார். சேர்க்கைக்கு வந்த பெற்றோர்கள் சன்னலோரம் நின்று, நாற்காலியில் ஆள் இருப்பதைப் பார்த்துத் திருப்தியாகத் தலையாட்டிவிட்டுப் போனார்கள். அவர் கைபேசியை எடுத்து எடுத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். அது ஒலிக்கவில்லை.

மத்தியானம் அவரே கூப்பிட்டார். மச்சினிதான் எடுத்தாள். "வீட்டுக்கு வாங்க மாமா, பேசிக்கலாம்" என்று சொல்லி வைத்துவிட்டாள். அப்போதாவது அவர் எழுந்து ஓடியிருக்கலாம். மாலையில் கடைசி வேன் போகும்வரை வாசலில் நிற்கிற முறை அன்றைக்கு அவருடையது. நின்றுவிட்டுத்தான் வந்தார்.

வீட்டில் விளக்குப் போட்டிருந்தது. மனைவி கட்டிலில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். காலையில் கட்டிய புடவையை இன்னும் மாற்றவில்லை. அவள் கால்களை மடியில் வைத்துப் பிடித்துவிட்டுக்கொண்டிருந்தாள் தங்கை. அவர் செருப்பைக் கழற்றிவிட்டு நிலைப்படியிலேயே நின்றார்.

"என்ன சொன்னாங்க?"

"கெட்ட கட்டிதான்" என்றாள் மனைவி. "பரவலையாம். அடுத்த வாரமே ஆபரேஷன் பண்ணி எடுத்துட்டா பயமில்லைன்னு சொன்னார். இல்லன்னா மருந்து குடுத்துக் கொஞ்ச நாள் பாக்கலாம், எது வேணும்னு கேட்டார். எடுத்துடுங்கன்னு சொல்லிட்டேன்."

"என்னைக் கேட்டிருக்கலாமே?"

"நீங்க அங்க இல்லையே."

அவள் குரலில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் அவர் சமாளித்திருப்பார். கோபக்காரர்களோடுதான் அவருக்குத் தினமும் வேலை. பள்ளியில் அத்தனை பேர் லீவு, பெற்றோர்கள் வேறு வந்திருந்தார்கள் என்று ஆரம்பித்தார். இரண்டு வாக்கியத்துக்குமேல் அவருக்கே சொல்லப் பிடிக்கவில்லை.

"தப்புதான்" என்றார். "நான் வந்திருக்கணும். ஆபரேஷனுக்கு லீவு போட்டுடறேன். ஒரு மாசம் ஆனாலும் சரி. சீட்டை வேற யார்கிட்டயாவது குடுக்கட்டும். நானே உன்கூட இருக்கேன்."

இத்தனை வருஷத்தில் முதல் தடவையாக அவர் அதை மெய்யாகவே செய்ய நினைத்தார். நாளைக் காலையே எழுதிக் கொடுத்துவிடலாம் என்று தீர்மானம்கூடப் பண்ணிவிட்டார். மனைவி தங்கையைப் பார்த்தாள். தங்கை தலையைக் குனிந்துகொண்டாள்.

"வேண்டாங்க. வார்டுல ஒருத்தர்தான் கூட இருக்கலாமாம். இவ வரேன்னு சொல்லிட்டா."

"அவளுக்குத் தையல் வேலை இல்லையா? நான்தானே புருஷன்?"

"இல்லன்னு யாரு சொன்னா?" என்றாள் அவள். பேசப் பேசக் களைத்துப்போனவளாக, நிறுத்தி நிறுத்திச் சொன்னாள். "டாக்டர் சொன்னதும் இவளைக் கட்டிப் பிடிச்சுக்கிட்டு அழுதேன். அவ்வளவு பேர் மத்தியில அழுதேன். இவளும் அழுதா. அப்புறம் ரெண்டு பேரும் போய் ஒரு காபி குடிச்சோம். தெம்பா இருந்துச்சு. நீங்க வந்தீங்கன்னா கதவோரமா நின்னுக்கிட்டுப் போனைப் பாத்துக்கிட்டிருப்பீங்க. நான் அழுதா உங்களுக்கு என்ன பண்றதுன்னு தெரியாது. அப்ப நான் உங்களையும் சேத்துப் பாத்துக்கணும். அதுக்கு எனக்கு இப்ப முடியலங்க."

மச்சினி எழுந்தாள். "மாமா, டீ போடட்டுமா?" என்று கேட்டாள். கட்டிலில் தங்கை உட்கார்ந்திருந்த இடம் காலியாகத்தான் இருந்தது. அவர் இரண்டடி வைத்துக் கட்டிலருகே போனார். உட்காரலாமா என்று தெரியாமல் நின்றார். கண்ணில் நீர் முட்டிக்கொண்டு வந்தது.

மனைவி அதைப் பார்த்தாள். கை நீட்டி அவர் சட்டை ஓரத்தில் ஒட்டியிருந்த சாக்பீஸ் தூளைத் தட்டிவிட்டாள்.

"நீங்க ஸ்கூலுக்குப் போங்க" என்றாள். "அங்கதான் உங்களைத் தேடுவாங்க."