ராயம்மாளின் புல்லும் செவலைப் பசுவும்

ஏரியூருக்குத் தெற்கே ஒரு சிற்றூரில் சவரிராயனுக்கு வாழ்க்கைப்பட்ட ராயம்மாள், 1966-இல் தன் அக்காள் வீட்டிலிருந்து எலுமிச்சம்புல்லின் தூர் ஒன்றை ஈரத்துணியில் சுற்றிக் கொண்டுவந்தாள். பாத்திரம் கழுவிய நீர் ஓடும் கொல்லை மூலையில் அதை நட்டாள். எட்டாண்டுகளில் அது இடுப்பளவு புதராயிற்று. இலையின் விளிம்பு கையை அறுக்கும்; ஆகையால் அரிவாளால் அரிந்து, முடிச்சிட்டு, கொதிக்கும் தேநீரில் போடுவாள். பிள்ளைகளுக்குச் சளி பிடித்தால் ஆவி பிடிக்கவும் அதுதான்.

“ஊரே புல்லப் புடுங்கிப் போடுது, இவ நட்டு வளக்குறா” என்பான் சவரிராயன்.

“டீ கேப்பீங்கல்ல, அப்பப் பேசிக்கிறேன்.”

1974-இல் மழை பொய்த்தது. வேலிக்கு அப்பால் பக்கத்து வீட்டு மாயவனின் சோளம் முழங்காலளவிலேயே வாடி நின்றது. அப்படி வாடிய சோளப்பயிரை மேய்ந்த மாடு நஞ்சேறி ஒரு நாழிகைக்குள் செத்து விழுந்துவிடும். வீட்டில் இருந்ததோ செவலை என்ற ஒரே கறவைப் பசு. நான்கு பிள்ளைகளின் வயிறும் அதன் பாலை நம்பியிருந்தது. எனவே செவலையை ராயம்மாள் எப்போதும் இரட்டை முடிச்சிட்டுத்தான் கட்டுவாள். அந்த ஞாயிறன்று, பூசைக்கு நேரமாகிவிட்ட அவசரத்தில், ஒற்றை முடிச்சோடு விட்டுவிட்டாள்.

பிள்ளைகளைக் கோயிலில் ஞானோபதேச வகுப்பில் விட்டுவிட்டுக் கணவனும் மனைவியும் திரும்பியபோது முளைக்குச்சி மட்டுமே நின்றது. செவலை வேலியோரத்தில் பச்சை இலையை மென்றுகொண்டிருந்தது. வாயில் எச்சில் ஒழுகியது.

“ஐயோ, மாதாவே!”

அலறல் கேட்டு மாயவன் ஓடிவந்தான். “சோளத்துல வாய வெச்சிருச்சாக்கா? அண்ணே, வெசம் முறிய வெல்லத்தக் கரைங்க, சீக்கிரம்!”

சவரிராயன் சட்டியில் வெல்லம் கரைத்தான். மூங்கில் குழாயில் அதை ஊற்றிப் புகட்டுவதற்காக ராயம்மாள் பசுவின் தாடையைப் பிடித்தாள். எலுமிச்சை வாசனை குப்பென்று மூக்கிலேறியது.

“மாயவா, மோந்து பாருப்பா!”

அவன் மோந்தான். அதோடு நம்பிவிடவில்லை, வேலியைத் தாண்டிப் போய்ச் சோளத்தை வரிசை வரிசையாகப் பார்த்தான்.

“ஒரு நுனிகூடக் கடிபடலீங்கக்கா. குளம்படியும் இல்ல. ஒங்க புல்லத்தான் மொட்டையடிச்சிருக்குது!”

ஆயினும் மூவரும் பசுவைச் சுற்றியே நின்றார்கள். நெடுநேரம் கழித்துச் செவலை நிதானமாகப் படுத்து அசைபோடத் தொடங்கியது.

“இனி பால் கறந்தா டீயாவே வந்துரும் புள்ள” என்றான் சவரிராயன்.

ராயம்மாளுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, கரைத்த வெல்லத் தண்ணீரை வடிகட்டி மூன்று டம்ளர்களில் ஊற்றினாள். தொண்டை வறண்டிருந்த மூவரும் மடமடவென்று குடித்தார்கள்.