அக்கா வேண்டாமென்று சொல்லாத தேத்தண்ணீர்

இந்த நினைவு மலரைக் கையில் வாங்கும் உறவுகளே, அக்கா எங்களை விட்டுப் போய் ஓராண்டாகிறது. நல்லதை மட்டும் எழுது என்று வீட்டில் சொன்னார்கள். அக்காவைப் பற்றி எழுத நல்லதைத் தவிர வேறொன்றும் இல்லை. கெட்டது செய்தவன் நான். அதையும் சேர்த்தே எழுதுகிறேன்.

அக்கா வட்டகொடைக்குப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில், தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்தில் பிறந்தார். அம்மா சீக்கிரமே காலமாகிவிட்டதால், பத்து வயதிலேயே என்னை இடுப்பில் சுமந்து வளர்த்தார். பின்னர் பிள்ளைக் காம்பரா என்ற தோட்டத்துக் குழந்தைகள் காப்பகத்தில் வேலைக்குச் சேர்ந்தார். தாய்மார் கொழுந்தெடுக்க மலைக்குப் போனால் குழந்தைகளுக்கு அக்காதான் எல்லாம். எந்தப் பிள்ளைக்கு முட்டை கொடுத்தால் உடம்பு தடிக்கும், எதற்குப் பால் சேராது என்று பெற்றவளுக்கே நினைவூட்டுவார். அத்தான் இளவயதில் இறந்த பிறகும் ஒருவரிடமும் கையேந்தாமல் ஒரே மகளைப் படிக்கவைத்து ஆசிரியையாக்கினார்.

மூன்று வருடங்களுக்கு முன் அவருடைய சிறுநீரகம் பழுதானது தெரிந்தது. தண்ணீர், தேத்தண்ணீர், ரசம் எல்லாம் சேர்த்து நாளுக்கு ஒரு சின்னப் போத்தலுக்கு மேல் கூடாது, மீறினால் நெஞ்சில் நீர் கோத்துக்கொள்ளும், உப்பும் ஆகாது என்றார் டாக்டர். அக்கா அளந்தே குடித்தார். நா வறண்டால் ஓர் ஏலக்காயை வாயில் அடக்கிக்கொள்வார்.

போன வருடம் மகளுக்கு ஹட்டனில் சம்பந்தம் அமைந்தது. தாய்மாமன் என்ற தோரணையில் நான் சட்டம் போட்டேன்.

"கல்யாணம் முடியிற வரைக்கும் சீக்குன்னு யாருகிட்டயும் வாயத் தெறந்துடாதக்கா. பொண்ணுக்கும் வந்துருமோன்னு மாப்பிள்ள வீட்டுல பின்வாங்கிட்டா என்னா பண்றது?"

"சரிடா தம்பி" என்றார்.

பத்திரிகையோடு லயம் லயமாக அழைக்கப் போனோம். எங்கள் தோட்டத்தில், வாசல் ஏறி வந்தவர் தேத்தண்ணீர் குடிக்காமல் எழுந்தால் வீட்டுக்காரரைக் கேவலப்படுத்தியதாகத்தான் எடுத்துக்கொள்வார்கள். நோய் என்ற ஒரு காரணம்தான் அங்கே எடுபடும். அதைச் சொல்லக்கூடாதென்று நான் தடுத்திருந்தேன்.

"மக டீச்சராயிட்டா. இனிமே லயத்துத் தேத்தண்ணி எறங்காதோ?" என்று ஒரு வீட்டில் கேலியாகக் கேட்டார்கள். அந்த வீட்டுப் பிள்ளைகள் மூவரும் அக்கா வளர்த்தவர்கள். அக்கா சிரித்துக்கொண்டே டம்ளரைக் காலி செய்தார். அடுத்த வீட்டிலும் குடித்தார். ஏழாவது வீட்டில் டம்ளரை வாங்கிக்கொண்டு என்னைப் பார்த்தார். குடி என்று கண்ணைக் காட்டினேன். பாவி நான், கண்ணைக் காட்டினேன். இப்படியே மூன்று நாள் நடந்தோம்.

நான்காம் நாள் மாப்பிள்ளை வீட்டில் மதிய விருந்து. கருவாட்டுக் குழம்பு வைத்திருந்தார்கள். "கூச்சப்படாம சாப்புடுங்க சம்பந்தி" என்று சம்பந்தியம்மா இரண்டாம் தடவையும் ஊற்றினார். அக்கா வாங்கிக்கொண்டார். புறப்படும்போது வீங்கிய கால் செருப்புக்குள் நுழையவில்லை. அன்று மாலையே மூச்சுத் திணறியது. ஆஸ்பத்திரியில் ஐந்து நாள் போராடினார். மகளை மணக்கோலத்தில் பார்க்காமலே கண்ணை மூடினார்.

விஷயம் தெரிந்து ஓடிவந்த சம்பந்தியம்மா ஆஸ்பத்திரி வாசலில் தலையில் அடித்துக்கொண்டார்.

"ஒரு வார்த்த சொல்லியிருந்தா உப்பில்லாம தனியா ஆக்கி வச்சிருப்பேனே! இதுக்காகவா பொண்ண வேணாம்னு சொல்லுவோம்? எங்கள என்னான்னு நெனச்சீங்க?"

சட்டம் போட்டவன் நான்தான் என்று அவரிடம் சொன்னேன்.

அக்காவைக் காப்பாற்றப் பாடுபட்ட மருத்துவர்களுக்கும் தாதியருக்கும், துக்கம் காத்த ஏழு நாளும் எங்கள் வீட்டில் அடுப்பெரியவிடாமல் சோறாக்கிக் கொண்டுவந்த அயலவர்களுக்கும், பெட்டியைத் தோளில் சுமந்த, அக்கா வளர்த்து ஆளான பிள்ளைக் காம்பராப் பிள்ளைகளுக்கும், சொன்ன சொல் மாறாமல் எங்கள் மகளை மருமகளாக்கிக்கொண்ட சம்பந்தி குடும்பத்தாருக்கும் கைகூப்பி நன்றி சொல்கிறேன்.

இன்றைய பந்தியில் நானே பரிமாறுகிறேன். சீனி ஆகாதோ, உப்பு ஆகாதோ, ஒரு வாய்கூட வேண்டாமோ, எதுவானாலும் வாய்விட்டுச் சொல்லுங்கள். இந்த வீட்டில் யாரும் கோபித்துக்கொள்ள மாட்டோம். என் அக்காவுக்குச் சொல்லத் தெரியாமல் இல்லை. நான்தான் சொல்ல விடவில்லை.

ஆறாத துயரோடு,
தம்பி