இளம்பிள்ளையில் கழற்றிய பேனல்

பாலசுந்தரம் எந்த வீட்டில் டிவி பழுது பார்த்தாலும், ஆன் செய்வதற்கு முன் கைக்குட்டையை எடுத்து, அடி விளிம்பில் இருக்கும் கம்பெனிப் பெயரை மட்டும் ஒருமுறை துடைப்பார். திரை முழுக்க விரல் ரேகை அப்பிக் கிடந்தாலும் அதைத் தொடமாட்டார். அது வீட்டுக்காரர்கள் பாடு. நாமக்கல் வட்டாரத்தில் பத்தொன்பது வருடமாக இதைப் பார்த்தவர்கள் நிறையப் பேர். "ஏனுங்க, பொட்டு வெச்சுச் சூடமும் காட்டீருங்களே" என்று கிண்டல் செய்தவர்களும் உண்டு. அவர் சிரித்துக்கொள்வார்.

ஐ.டி.ஐ. முடித்த கையோடு அந்த ஜப்பான் கம்பெனியின் சர்வீஸ் சென்டரில் சேர்ந்தவர். எந்த டிவி வாங்கலாம் என்று யார் கேட்டாலும் யோசிக்காமல் அந்தப் பெயரைத்தான் சொல்வார். அப்படிச் சொல்லி வாங்கவைத்தவர்களில் ஒருவர் லாரி பாடி கட்டும் பட்டறை வைத்திருக்கும் சின்னுசாமி. மகள் கல்யாணச் சீரில் ஒரு நாற்பத்து மூன்று இஞ்ச் டிவி வைத்தார். இரண்டாவது வருடம் சித்திரையில், திருச்செங்கோட்டில் மகள் வீட்டுச் சுவரில் இருந்த அந்த டிவியின் திரையில் கோடு கோடாக ஓட ஆரம்பித்தது. படம் தெரியும் அந்தக் கண்ணாடி, தொழிலில் பேனல் என்பார்கள், போய்விட்டது.

"ஆர்டர் போட்டா வர்றதுக்குப் பதினஞ்சு நாள் ஆகுங்கண்ணா" என்றார் பாலசுந்தரம்.

"வர்ற ஞாயித்துக்கெழம பேத்திக்குக் காதுகுத்து. சம்பந்தி ஊட்டு சனம் பூரா அந்த ஹால்லதான் உக்காரும். சின்னுசாமி சீர் குடுத்த லட்சணத்தப் பாருன்னு பேசமாட்டாங்க? நானா அந்தக் கம்பெனிய வாங்குனேன்? நீ சொன்னே பாலா, வாங்குனேன்."

அதே மாடல் டிவி இளம்பிள்ளையில் ஒன்று இருந்தது. சேலை நெய்யும் சென்னியம்மாள் வீட்டில். இடி மின்னலில் அதன் சர்க்யூட் போர்டு போய், கம்பெனிப் போர்டுக்காகக் காத்திருந்தது. பேனல் நன்றாக இருந்தது. மறுநாள் பாலசுந்தரம் அங்கே போய் விஷயத்தைச் சொன்னார்.

சென்னியம்மாள் தறியை விட்டு எழுந்திருக்காமலே கேட்டார். "அதையும் கழட்டிட்டா என்ற டிவியில என்ன இருக்கும், வெறும் கூடா?"

"பதினஞ்சே நாளுங்கக்கா. போர்டும் புதுப் பேனலும் ஆர்டர் போட்டாச்சு. ரெண்டையும் நானே கொண்டாந்து போட்டுக் குடுத்தர்றேன்."

"கம்பெனிக்காரன் கைய விரிச்சுட்டா?"

"பத்தொம்பது வருசத்துல ஒருக்கா கூட அப்படி ஆனதில்லீங்க."

சென்னியம்மாள் தறியை நிறுத்தினார். "அந்தப் புள்ள போன எடத்துல பேச்சு வரக்கூடாது. எடுத்துட்டுப் போங்க தம்பி."

காதுகுத்து நல்லபடியாக நடந்தது. பேனலைக் கழற்றிய ஒன்பதாம் நாள் கம்பெனியிலிருந்து மெயில் வந்தது. டிவி வியாபாரத்தை நிறுத்துகிறோம். நிலுவையில் உள்ள உதிரிபாக ஆர்டர்கள் ரத்து. சர்வீஸ் ஆட்கள் ஏசி பிரிவுக்கு மாற்றப்படுவார்கள்.

பாலசுந்தரம் கோயம்புத்தூரில் இருக்கும் ஏரியா மேனேஜர் காளிதாஸுக்கு போன் போட்டார்.

"நல்லாத்தானுங்க வித்துக்கிட்டிருந்துச்சு?"

"வித்துச்சுங்கண்ணா, மிஞ்சல. பேனல் செய்யறத நாம விட்டு எத்தனை வருசமாச்சு. இப்பச் செய்யறவன் நாலஞ்சு பேருதான். நமக்கும் அவனே குடுக்கறான், நேத்து மொளச்ச கம்பெனிக்கும் அவனே குடுக்கறான். டிவி வெலையில பாதிக்கு மேல அந்தக் கண்ணாடிக்கே போயிருது. சரக்கு கப்பல்ல வந்து எறங்கறதுக்குள்ள கடையில வெல எறங்கிருது. ஏசிக்கு கம்ப்ரசர் நாமளே செய்யறோம், அதுல நாலு காசு நிக்குது."

"அப்ப நம்ம பேரு?"

"பேரு இருக்குங்கண்ணா. இன்னொருத்தன் வாடகைக்கு எடுத்திருக்கான். இனி அவன் டிவியில நம்ம பேரு இருக்கும். பழைய மாடலுக்கு அவன் பொறுப்பில்ல."

அந்த வாரமே, யாரோ பாதி விலைக்கு ஆன்லைனில் வாங்கிய, பெயர் கேள்விப்படாத ஒரு டிவியைப் பிரித்துப் பார்த்தார். பேனலின் முதுகில், தங்கள் கம்பெனிப் பேனலில் இருக்கும் அதே தொழிற்சாலையின் முத்திரை. அளவும் எண்ணும் மட்டும்தான் வேறு. கம்பெனி செய்தது தப்பா? லாபம் நிற்காத வியாபாரத்தை யார் வைத்திருப்பார்கள்? சின்னுசாமிகூட வைத்திருக்கமாட்டார். அப்படியானால் இத்தனை வருடம் தான் ஊருக்கெல்லாம் சிபாரிசு செய்தது எதை? பதினைந்து நாள் என்று சொன்னது கம்பெனி இல்லை, தான்தான் என்பது மட்டும் தெரிந்தது.

சின்னுசாமியிடம் போய், மகளுக்குப் புது டிவியே வாங்கித் தருகிறேன், பழையதைக் கொடுங்கள் என்றார். "சீராக் குடுத்ததச் செவுத்துலருந்து கழட்டிட்டு வரச் சொல்றியா? ஊர் சிரிக்கும் போ" என்று சின்னுசாமி பேச்சை முடித்துவிட்டார்.

பதினைந்தாம் நாள் இளம்பிள்ளைக்குப் போய் எல்லாவற்றையும் சொன்னார். தன் செலவில் புது டிவி மாட்டித் தருவதாகவும் சொன்னார்.

"புதுசு வாங்கறதுன்னா என்ற மவன் வாங்கிக் குடுக்கமாட்டானா? உங்க காசுல வாங்கி மாட்டுனா, பாக்கறப்பல்லாம் உங்க காசுதான் கண்ணுக்குத் தெரியும். எடுத்தது என்னமோ அதக் கொண்டாங்க, போதும்." கோபமாகச் சொல்லவில்லை. நூல் அறுந்தால் முடிச்சுப் போடச் சொல்வது போலச் சொன்னார்.

இரண்டு வருடமாகத் தேடுகிறார். போர்டுக்கு எதையாவது பொருத்திவிடலாம், பேனலுக்கு வழியில்லை. ஈரோட்டில் பழைய சாமான் கடைகளில் கிடைத்ததெல்லாம் விரிசல் விட்டவை. மெக்கானிக்குகளின் வாட்ஸ்அப் குழுவில் மாதம் ஒருமுறை மாடல் எண்ணைப் போடுகிறார். "அண்ணா இன்னும் அதையே தேடறாரு" என்று யாராவது சிரிக்கும் பொம்மை போடுகிறார்கள். இப்போது அவருக்கு ஏசி வேலை, சம்பளமும் கொஞ்சம் கூடுதல்.

போன பங்குனியில் இளம்பிள்ளைப் பக்கம் வேலையாகப் போனவர் அங்கேயும் எட்டிப் பார்த்தார். சென்னியம்மாளின் மகன் புது டிவி வாங்கி வந்திருந்தான். பேனல் இல்லாத பழைய கூடு சுவரிலேயே இருந்தது.

"நல்ல நேரத்துக்கு வந்தீங்கண்ணா. அதக் கழட்டீட்டு இத மாட்டீரலாமுங்களா?" என்றான் மகன்.

சென்னியம்மாள் தறியிலிருந்து சொன்னார். "அது அவரு சமாசாரம். அவரே முடிவு பண்ணட்டும்."

பாலசுந்தரம் ஸ்குரூ டிரைவரை எடுத்து, முதல் திருகின்மேல் வைத்தார். திருகவில்லை. "இது இருக்கட்டுங்க. புதுச எதிர்ச் செவுத்துல மாட்டித் தாரேன்" என்றார்.

எதிர்ச் சுவரில் துளை போட்டு, புது டிவியை மாட்டி, படம் வரவைத்துக் கொடுத்துவிட்டுக் கிளம்பினார். பேனல் இன்னும் கிடைக்கவில்லை.