இடது ஓரத்துத் தூசி

என் அண்ணனுக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று உண்டு. கேமரா தூக்கித் திரிகிறவர்களுக்கு அது தெரியாது. அவர்களுக்கு அவர் ‘தூசி’. “தூசி இருக்காரா?” என்று கேட்டுக்கொண்டேதான் மாடிப்படி ஏறுவார்கள். “இருக்காரு, தும்மாம வாங்க” என்பேன் நான். கவுண்டரில் உட்கார்ந்து கேமராவை வாங்கி வைப்பது, வேலை முடியவில்லை என்றால் திட்டு வாங்குவது, வாங்கியதைத் திருப்பிக் கொடுப்பது எல்லாம் என் பொறுப்பு. எனக்குக் கோபம் மூக்கு மேல் இருக்கிறது என்பார்கள். இருக்கட்டுமே, அவர்கள் மூக்கிலா இருக்கிறது?

அண்ணனின் தொழில் சென்சாரைச் சுத்தம் செய்வது. லென்ஸைக் கழற்றினால் உள்ளே ஒரு சில்லு பளபளக்கும். முன்பு ஃபிலிம் இருந்த இடம் அது. படம் அதில்தான் விழுகிறது. அதன்மேல் ஒரு துளி தூசி உட்கார்ந்துவிட்டால் போதும், எடுக்கிற ஒவ்வொரு படத்திலும் ஒரே இடத்தில் ஒரு கறை வரும். அதைக் கண்டுபிடிப்பதற்கு அண்ணன் ஒரு வழி வைத்திருந்தார். பின்னறையில் ஒரு வெள்ளைச் சுவர். எதிரே தரையில் டேப் ஒட்டிய அடையாளம், அதன்மேல் ஸ்டாண்டு. சுத்தம் செய்த கேமராவில் எப்போதும் ஒரே லென்ஸை மாட்டி, ஃபோகஸை வேண்டுமென்றே கலைத்துவிட்டு, சுவரைப் படம் எடுப்பார். சுவரின் சொரசொரப்பு எல்லாம் கலங்கிப்போய்விடும், சென்சாரில் ஒட்டியிருக்கிற தூசி மட்டும் தெரியும். படம் வெள்ளைத் தாள் மாதிரி வந்தால் கேமரா சுத்தம்.

அந்த அறைக்கு ஜன்னல் கிடையாது, மின்விசிறியும் கூடாது. காற்றை வடிகட்டுகிற மெஷின் மட்டும் நாள் முழுக்க உர்ரென்று ஓடும். சுவரின் இடது பக்கம் கட்டடக்காரர் வற்புறுத்தி மாட்டிய தீயணைப்பு சிலிண்டர், நல்ல சிவப்பில். அந்தச் சிவப்பை மறந்துவிடாதீர்கள்.

டெஸ்ட் லென்ஸ் அண்ணியுடையது. அண்ணி படம் எடுக்கிறவர். அந்தக் காலத்துத் தொழில்முறை கேமராக்களில் பாதிக்குமேல் சின்ன சென்சார்தான், பழைய ஃபிலிம் கட்டத்தில் பாதிகூட வராது. லென்ஸோ வட்டமாக, தாராளமாகத்தான் வெளிச்சத்தை உள்ளே கொட்டும். சென்சார் அதன் நடுவிலிருந்து கொஞ்சத்தை எடுத்துக்கொள்ளும். மிச்சம் கேமராவின் கறுத்த உள்சுவரில் விழுந்து வீணாகும். “பெரிய துணியில கைக்குட்டை அளவுக்கு வெட்டிக்கிட்டு மிச்சத்தைத் தூக்கிப் போடற மாதிரி இருக்கு” என்று அண்ணி அங்கலாய்ப்பார். அப்படிச் சொல்லிக்கொண்டே, அப்போது இருந்த எந்த டிஜிட்டல் கேமராவுக்கும் தேவைப்படாத அளவுக்கு அகலமாக வெளிச்சம் கொட்டும் லென்ஸ் ஒன்றை வாங்கி வந்தார்.

“இதுக்கேத்த கேமரா இன்னும் பொறக்கவே இல்லையே!” என்று அண்ணன் தலையில் அடித்துக்கொண்டார்.

“பொறக்கும். அதுவரைக்கும் ஓரத்துல என்ன விழுதுன்னு யாருக்கும் தெரியாது” என்றார் அண்ணி.

ஒரு மத்தியானம், பழுது பார்த்து முடித்த ஒரு கேமராவைத் தோளில் மாட்டிக்கொண்டு, “வெளியில நாலு படம் எடுத்துப் பார்த்துட்டு வந்துடறேன்” என்று அண்ணி படியிறங்கிப் போனார். வரவே இல்லை. அந்த லென்ஸ் மட்டும் மேஜைமேல் இருந்தது. சண்டை இல்லை, சச்சரவு இல்லை. விபத்து நடந்த தகவலும் இல்லை. போலீஸில் போட்டோ கேட்டார்கள். வீடு முழுக்கப் படங்கள், ஒன்றில்கூட அண்ணி இல்லை! எடுக்கிற ஆள் எப்படி உள்ளே இருப்பார்? பதிவுத் திருமணத்தின்போது எடுத்த படத்தில்கூட குனிந்து கேமராப் பையை மூடிக்கொண்டிருக்கிறார். உச்சந்தலையைக் காட்டி எந்தப் போலீஸ் தேடும்?

அண்ணன் அழவில்லை. மேஜைமேல் கிடந்த லென்ஸை எடுத்து டெஸ்ட் லென்ஸாக வைத்துக்கொண்டார், அவ்வளவுதான். அவருக்கு ஒரே ஒரு கேள்வி பாக்கி இருந்தது. அவள் இருக்கிறாளா, இல்லையா? அதை வாய்விட்டு அவர் யாரிடமும் கேட்டதில்லை. சாப்பிடும்போது, நடுவில் கை நின்றுபோகும். அப்போது எனக்குத் தெரியும்.

சின்ன சென்சார் காலத்தில் எல்லாப் படமும் வெள்ளைவெளேர் என்றுதான் வந்தது. பிறகு ஃபுல் ஃப்ரேம் பரவியது, ஃபிலிம் கட்டம் அளவுக்கே சென்சார். அதே இடம், அதே லென்ஸ். படம் மட்டும் இரண்டு பக்கமும் கூடுதலாக அகன்றது. முதல் கேமராவிலேயே இடது ஓரத்தில் ஒரு கலங்கிய பட்டை. “தூசி” என்றார் அண்ணன். துடைத்தார், எடுத்தார். பட்டை அப்படியே இருந்தது. மறுபடி துடைத்தார். படத்தில் மேலே தெரிகிற தூசி சென்சாரில் கீழே இருக்கும் என்பதால் கீழ்ப்பக்கம், மேல்பக்கம் எல்லாம் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தார். போகவில்லை.

அடுத்த கேமராவிலும் அதே பட்டை. அதற்கடுத்ததிலும்.

“ஏண்ணா, ஒரே தூசி எல்லாக் கேமராலயும் ஒரே எடத்துல போய் உக்காருமா? அதென்ன, வாடகைக்கா வந்திருக்கு?” என்றேன்.

“உனக்கு இதெல்லாம் தெரியாது பாப்பா.” எனக்கு முடி நரைக்க ஆரம்பித்த பிறகும் நான் பாப்பாதான்.

எனக்குத் தெரிந்தது ஒன்று உண்டு. அந்த ஓரத்தில் சிலிண்டரின் சிவப்பு கலங்கலாகவாவது தெரிய வேண்டும். சிவப்பே இல்லை. பட்டை நீலமாக இருந்தது. எதுவோ சிலிண்டருக்கு முன்னால் நின்று அதை மறைத்துக்கொண்டிருந்தது. அறைக்குள் போய்ப் பார்த்தேன். சிலிண்டர் சிவப்பாக, சமர்த்தாகத் தொங்கிக்கொண்டிருந்தது. அதன் முன்னால் காற்று மட்டும்தான். கேமராவை இடது பக்கம் திருப்பி எடுத்தேன். சிலிண்டரும் சுவரும் வந்தன, வேறு ஒன்றுமில்லை. வேறு லென்ஸ் போட்டேன், அப்போதும் ஒன்றுமில்லை. அந்த அடையாளத்தில் நின்று, அந்த லென்ஸ் மூலம் நேராகப் பார்த்தால்தான், ஓரத்தில், அது.

வருஷங்கள் போயின. மெகாபிக்சல் இரண்டு மடங்காகி நாலு மடங்கானது. பட்டைக்கு மடிப்பு வந்தது, அது துணி மாதிரி ஆனது. கேமராக்களுக்குள் இருந்த கண்ணாடி போய்விட்டது, மிரர்லெஸ் என்றார்கள். பிறகு சிலவற்றில் ஷட்டர் திரையும் போய்விட்டது. முன்பெல்லாம் லென்ஸைக் கழற்றினால் கண்ணாடிக்கும் திரைக்கும் பின்னால் சென்சார் ஒளிந்திருக்கும். இப்போது கழற்றியதும் இமையே இல்லாத கண் மாதிரி நேராக நம்மைப் பார்க்கிறது. எனக்கு அது பிடிப்பதில்லை. நான் மூடி போட்டுவிட்டுத்தான் பேசுவேன்.

“ஒரே ஒரு தடவை ஃபோகஸ் பண்ணி எடுண்ணா. என்னன்னு தெரிஞ்சிடும்ல?” என்று கெஞ்சிப் பார்த்தேன்.

“டெஸ்ட் படத்துக்கு ஃபோகஸ் பண்ணக் கூடாது.”

“அது அண்ணி சட்டைக் கையோன்னு பயமா?”

கையிலிருந்த துடைப்புக் குச்சியைக் கீழே வைத்தார். “அது அவளா இருந்தா, அவ உயிரோட இல்லன்னு அர்த்தம். தூசியாவே இருந்துட்டுப் போகட்டும்.” அன்றைக்கு யாரையும் நான் திட்டவில்லை.

அதற்குப் பிறகு ஸ்டுடியோக்காரர்கள் ஒவ்வொருவராக மீடியம் ஃபார்மட்டுக்கு மாறினார்கள், ஃபுல் ஃப்ரேமைவிடப் பெரிய சென்சார். அண்ணன் அதை மட்டும் தொட மாட்டேன் என்று குரங்குப் பிடியாக நின்றார். ஏன் என்று எனக்குத் தெரியாதா? படம் இன்னும் அகலும். கடையில் நாங்கள் ஈ ஓட்டிக்கொண்டிருந்தோம். ஒரு காலை அண்ணன் பல் டாக்டரிடம் போயிருந்தபோது ஸ்டுடியோக்கார அம்மா ஒருவர் மீடியம் ஃபார்மட் கேமராவோடு வந்தார். “தூசி இதைப் பார்ப்பாரா?” என்றார். “ஏன் பார்க்காம? கொடுங்க” என்று வாங்கிவிட்டேன்.

இணைப்பு வளையம் போட்டு அண்ணியின் லென்ஸை மாட்டினேன். அந்த லென்ஸுக்கேற்ற கேமரா பிறந்தேவிட்டது. டேப் அடையாளத்தில் ஸ்டாண்டை வைத்தேன். சுவர் துல்லியமாகத் தெரியும்படி ஃபோகஸைத் திருகினேன். அமுக்கினேன்.

இடது ஓரத்தில், சிலிண்டரை மறைத்துக்கொண்டு, நீலச் சட்டையில் ஒரு பெண். பக்கவாட்டு முகம். குனிந்து கையில் எதையோ பார்த்துக்கொண்டிருந்தார். கேமரா பக்கம் திரும்பவில்லை. மூக்கைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது. அண்ணி!

பின்னால் அண்ணன் நின்றிருந்தார், மரத்துப்போன கன்னத்தைப் பிடித்துக்கொண்டு. எப்போது வந்தார் என்றே தெரியவில்லை. என்னைத் தள்ளிவிட்டுத் திரைக்குக் கிட்டே குனிந்தார். பெரிதாக்கினார், இன்னும் பெரிதாக்கினார். முடிந்தது, மனிதர் உடைந்துபோகப் போகிறார் என்று நான் அவர் தோளைப் பிடித்தேன். அவரோ சிரித்தார். வாய் ஒரு பக்கம் கோணிக்கொள்ள, கண்ணில் தண்ணீர் வழிய, சிரித்தார்.

“பாப்பா, நரைச்சிருக்கா பாரு!”

“என்னண்ணா சொல்ற?”

“போறப்ப ஒரு நரை கெடையாது. செத்துப்போனவங்களுக்கு நரைக்குமா? கண்ணாடி வேற போட்டிருக்கா! எங்கேயோ இருக்கா. நம்ம கூடவே வயசாகுது அவளுக்கு.”

அப்புறம் அண்ணனுக்குத் தலைகால் புரியவில்லை. மீடியம் ஃபார்மட் எல்லாம் இங்கே வரலாம் என்று அவரே எல்லாருக்கும் போன் போட்டார். வந்தன. ஒவ்வொன்றிலும் முதலில் வழக்கமான கலங்கிய படம், பிறகு கதவைச் சாத்திக்கொண்டு ஃபோகஸ் செய்து ஒன்று. “இன்னைக்கு மஞ்ச சட்டை.” “முடியை வெட்டிட்டா.” “கையில கட்டுப் போட்டிருக்கா, எங்க விழுந்தாளோ.” தலைக்கு டை அடித்துக்கொண்டு வந்தார் ஒருநாள். “யாருண்ணா உன்னைப் பார்க்கப் போறா?” என்று கேட்டதற்கு வெட்கப்பட்டார்! படத்தை அவரே பார்த்து முடித்ததும் அழித்துவிடுவார். ஒன்றையாவது வைத்துக்கொள்ளலாமே என்றேன். “அவளுக்குத் தன்னை எடுக்கறது பிடிக்காது” என்றார். நான் அந்த அறைக்குள் தனியாகப் போகும்போதெல்லாம் சிலிண்டருக்கு முன்னால் இடம் விட்டு ஒதுங்கி நடப்பேன். யாரையோ இடித்துவிடக் கூடாதே என்று.

பிறகு அண்ணி மெலிய ஆரம்பித்தார். சட்டை தொளதொளத்தது. ஒரு படத்தில் தலையில் துணி கட்டியிருந்தார். அதன் அடியில் முடி இருப்பதாகத் தெரியவில்லை. அடுத்ததில் உயரம் குறைந்திருந்தார். உட்கார்ந்திருக்கிறார் என்று புரியக் கொஞ்ச நேரம் பிடித்தது. அண்ணன் நிறம் சொல்வதை நிறுத்திவிட்டார். திரைமேல், அந்தத் தோள் இருக்கிற இடத்தில், விரலை வைத்துக்கொண்டு நிற்பார். போய்ப் பார்க்க ஒரு ஊர் இல்லை, கூப்பிட ஒரு நம்பர் இல்லை. சுவருக்கு எதிரே நின்று, “சாப்பிடறியா?” என்று கேட்டதை நான் கதவுக்கு வெளியிலிருந்து கேட்டேன்.

போன வாரம் அதே ஸ்டுடியோக்கார அம்மாவின் கேமரா மறுபடி வந்தது. மூட்டு வலி அண்ணனுக்கு. முதல் படத்தை நீயே எடு என்றார். எடுத்தேன். கலங்கிய படத்திலேயே தெரிந்துவிட்டது. இடது ஓரத்தில் சிவப்பு. முழுச் சிவப்பு. ஃபோகஸ் செய்து எடுத்தேன். சிலிண்டர், அதன் குழாய், அதில் ஒட்டியிருந்த காகிதத்தின் எழுத்துவரை துல்லியமாகத் தெரிந்தது. சுவர் வெள்ளைத் தாள் மாதிரி இருந்தது.

அண்ணன் வந்து பார்த்தார். இடது ஓரத்தைப் பெரிதாக்கினார், இன்னும் பெரிதாக்கினார். மெஷின் உர்ரென்று ஓடிக்கொண்டிருந்தது.

“பாப்பா,” என்றார், சின்னப் பையன் குரலில். “நீ துடைச்சியா?”

தொழில் தெரிந்த மனிதர். துடைத்தால் போவதில்லை அது என்று அவரைவிட யாருக்குத் தெரியும்? அத்தனை வருஷம் துடைத்துப் பார்த்தவர் அவர்தானே? ஆனாலும் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். என் வாய்க்கு எல்லாரும் பயப்படுவார்கள். மனதில் இருப்பதைப் பட்டென்று போட்டு உடைத்துவிடும் வாய் இது. அன்றைக்கு அது வேறு மாதிரி திறந்தது.

“ஆமாண்ணா. நான்தான் துடைச்சேன்.”

“யாரைக் கேட்டுத் துடைச்ச? அறிவிருக்கா உனக்கு? எத்தனை தடவை சொல்லியிருக்கேன், என்னைக் கேக்காம கை வைக்காதேன்னு!” கத்தினார். என் பிறப்பிலிருந்து ஆரம்பித்துத் திட்டினார். முகத்தில் ரத்தம் திரும்பி வந்தது. மூட்டு வலியை மறந்து அறைக்குள் மேலும் கீழும் நடந்தார். நான் தலையைக் குனிந்துகொண்டு நின்றேன்.

நேற்று இன்னொரு மீடியம் ஃபார்மட் வந்தது. அதிலும் சிவப்பு தெரிந்தது. “இதையும் துடைச்சிட்டியா?” என்றார். ஆமாம் என்றேன். மறுபடி திட்டினார். திட்டி முடித்து, சாப்பிடக் கூப்பிட்டதும் வந்து உட்கார்ந்தார். நாளைக்கும் இரண்டு கேமரா வருகிறது.