விதை மடுவில் கலந்த கள்ளிப்பால்

கள்ளிப்பாலுக்கு மூக்கை அரிக்கும் ஒரு பச்சை நெடி உண்டு. விரலில் பட்டால் பிசுபிசுவென்று ஒட்டிக்கொண்டு, சீயக்காய் போட்டுத் தேய்த்தாலும் இரண்டு நாளைக்குப் போகாது. எனக்கு அது ஐம்பது வருஷமாகியும் போகவில்லை.

பங்காருபாளையத்துக்கு மேற்கே, மலையடிவாரத்தில், தெலுங்கும் தமிழும் கலந்து பேசும் ஊர் எங்களுடையது. அப்பாவை நைனா என்றுதான் கூப்பிடுவேன்; அவர் மிஷன் பள்ளிக்கூட வாத்தியார், சபையில் மூப்பரும்கூட. மலையிலிருந்து இறங்கும் ஓடை மழைக்காலத்தில் பள்ளிக்கூடச் சுவரை உரசிக்கொண்டு ஓடும். கோடையில் வற்றி வற்றி, நாவல் மரத்தடியில் ஒரே ஒரு மடுவாக நிற்கும். அதற்கு "வெத மடுவு" என்று பெயர். கெண்டையும் கெளுத்தியும் அயிரையும் அதில்தான் உயிரைப் பிடித்துக்கொண்டு கிடந்து, புது வெள்ளம் வந்ததும் ஓடை முழுக்கப் பரவும் என்பதால், அதில் மட்டும் ஒருவரும் கைவைப்பதில்லை. கரையில் குடிசை போட்டு, மீன் விற்றே மூன்று பிள்ளைகளை வளர்த்த முனெம்மாகூட வைகாசியில் கூடையைக் கவிழ்த்து வைத்துவிட்டு மாந்தோப்புக் கூலிக்குப் போய்விடுவார்.

மாங்காய் அறுப்பை ஒட்டி எங்கள் கோயிலில் அறுப்பின் பண்டிகை வரும். அவரவர் வீட்டில் விளைந்த பூசணி, கேழ்வரகு, சேவல் என்று பீடத்துக்கு முன் வைப்பார்கள். ஆராதனை முடிந்ததும் ஏலம். காணி நிலமில்லாத நாங்கள் வருஷாவருஷம் பிஸ்கெட் பொட்டலம் வைப்போம். "வாத்தியாரு நெலத்துல பிஸ்கெட் நல்லா வெளையுது" என்று ஒரு வருஷம் யாரோ சொல்ல, நைனாவும் சேர்ந்து சிரித்தார். எனக்குத்தான் அழுகை வந்தது.

அடுத்த வருஷம், ஐந்தாம் வகுப்பு முடித்த கோடையில், பண்டிகைக்கு முந்தின நாள் மத்தியானம் வேலியிலிருந்த திருகுகள்ளியை ஒடித்து நசுக்கி, கோணியில் கட்டி, அந்த மடுவில் போட்டு அலசினேன். நாலு கெண்டை மயங்கினால் போதும் என்றுதான் நினைத்தேன். மீனை மயக்க ஓடுகிற தண்ணீரில் போடும் அளவை நிற்கிற தண்ணீரில் போட்டால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியவில்லை. தண்ணீர் வெளுத்தது. பெரிய மீன்கள் முதலில் சாய்ந்தன. பின்னாலேயே குஞ்சுகளும் தவளைகளும் தலைப்பிரட்டைகளும் மிதந்து வந்தன. பெரிதாகப் பார்த்து ஒரு கூடை பொறுக்கிக்கொண்டு ஓடிவந்தேன். ஏது மீன் என்று நைனா கேட்டார். முனெம்மா கொடுத்தார் என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை என் கூடைக்குத்தான் ஏலத்தில் போட்டி. பிஸ்கெட் பேச்சை யாரும் எடுக்கவில்லை, நைனா முகத்திலும் பெருமை.

திங்கட்கிழமை மடுவின் நாற்றம் தெருவரைக்கும் வந்தது. கோயிலுக்கு வந்த மீன் முனெம்மா கொடுத்தது என்று நைனா சொல்லி ஊருக்கே தெரியும். தோப்பிலிருந்து முனெம்மாவைக் கூட்டிவந்தார்கள்.

"நேனு காது சாமி, நான் குடுக்கல. நாலு நாளா தோப்புல மாங்கா பொறுக்கிக்கினு கீறேன். பாப்பாவயே கேளுங்க."

எல்லோரும் என் பக்கம் திரும்பினார்கள். நான் கால் கட்டைவிரலைப் பார்த்துக்கொண்டு நின்றேன். நைனாதான் பேசினார்.

"எம் பொண்ணு பொய் சொல்லாது, முனெம்மா."

அதற்குமேல் விசாரணை இல்லை. இனி ஓடையில் கூடை போடக்கூடாது என்று சொல்லிவிட்டார்கள். முனெம்மா அழவுமில்லை, என்னைத் திட்டவுமில்லை. அந்த மாதமே பிள்ளைகளோடு ராமகுப்பம் பக்கம் போய்விட்டதாகச் சொன்னார்கள்.

அந்த வருஷம் நல்ல மழை. ஓடை இடுப்பளவு ஓடியது. தெளிந்த பிறகு பார்த்தால் ஒரு குஞ்சு இல்லை. கொக்குகள் வந்து நின்று பார்த்துவிட்டுப் போயின. இப்போது ஓடையும் இல்லை, நாவல் மரமும் இல்லை. தோப்புகளுக்குப் போட்ட போர்வெல்களால் வற்றிவிட்டது என்கிறார்கள்; அதில் ஒன்று, நான் பிற்பாடு வாங்கிய தோப்புக்குப் போட்டது. ஆனால் தண்ணீர் போவதற்குப் பல வருஷம் முன்னாலேயே மீன் போய்விட்டது. நைனா கடைசிவரைக்கும் தன் வார்த்தையை நம்பியே கண்ணை மூடினார். அவரிடமாவது சொல்லியிருக்கலாம், சொல்லவில்லை.

அறுப்பின் பண்டிகை இன்றும் நடக்கிறது. சொந்தத் தோப்பில் மாங்காய் காய்த்துக் கிடந்தாலும் நான் பிஸ்கெட் பொட்டலம்தான் எடுத்துப்போகிறேன். இந்த ஊரில் விளைந்த எதையும் அந்தப் பீடத்துக்கு முன் வைக்க எனக்குக் கை வரவில்லை.